பஞ்சமி நிலம்

பஞ்சமி நிலம் என்பது, சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு 1892 முதல் அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலத்தைக் குறிக்கும். நால்வருணத்துக்குப் புறம்பான ஐந்தாமவர் எனும் பொருளில் அவர்களைப் ‘பஞ்சமர்’ என்றழைத்த வழக்கிலிருந்து இப்பெயர் தோன்றியது.

இதன் வேர் செங்கல்பட்டு மாவட்டத்து மிராசு முறையில் உள்ளது. மிராசு, அதாவது ஊர் நிலத்திலும் விளைச்சலிலும் வழிவழியாக வந்த பங்குரிமை, பெரும்பாலும் வேளாளர், பிராமணர் குடும்பங்களிடம் இருந்தது. வயலில் உழைத்த பறையர்களோ பண்ணையாட்களாகவே வைக்கப்பட்டிருந்தனர். தரிசு நிலம் கேட்டு அவர்கள் தர்க்காஸ்து எனப்படும் விண்ணப்பம் அளித்தாலும், மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. சேரியின் மனைகளுக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடியதால், கூலி போதவில்லை என்று வாய்திறந்தவர் குடிசையையும் இழக்கும் நிலை இருந்தது. நிலமின்மை வறுமையாக மட்டுமன்றி அடிமைத்தனமாகவும் ஆனது இந்த இடத்தில்தான்.

மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்நிலைமையை விரித்துரைத்து, மனையுரிமையும் தரிசு நிலமும் வழங்குமாறு பரிந்துரைத்தது. அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணைகளின்படி ஒப்படைக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. பெற்றவர் முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்றலாம். மீறினால் அரசு அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடனும் மிரட்டலும் நிலத்தைப் பறித்துவிடும் என்பதை முன்னுணர்ந்த விதி இது. எனினும் அதனைக் காக்கவேண்டிய பதிவேடுகள் ஊர்ச் செல்வாக்குக்கு உட்பட்டவர்களின் கையிலேயே இருந்தமையால், பெரும்பகுதி பிறர் பெயருக்குப் பட்டாவாக மாறிப்போனது.

உரிமைச் சட்டங்கள் இவ்விழப்பைத் தடுக்கும் வகையில் அமையவில்லை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் சொத்து வைத்திருக்கும் உரிமையைக் கூறிற்றேயன்றி, நிலமற்றவர் நிலம் பெறும் உரிமையைக் கூறவில்லை. இந்திய அரசமைப்பில் சொத்துரிமையும் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமை என்னும் தகுதியை இழந்து, 300அ பிரிவின்கீழ் சட்டவுரிமையாயிற்று. உழவர்களுக்கும் ஊரகத் தொழிலாளர்களுக்கும் நிலத்தின்மீது உரிமை உண்டென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வெளிப்படையாக அறிவித்தது 2018இல்தான். அப்பிரகடனமும் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று.

சட்டம் விட்ட இவ்விடைவெளியில் நில மீட்புக் கோரிக்கை மக்கள் போராட்டமாக உருவெடுத்தது. செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு எழுந்த கிளர்ச்சியின்போது, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். டிரமென்ஹீர் அறிக்கை எழுதியதும் இதே மாவட்டத்தைப் பற்றித்தான்.