கூரையில்லாத கோயில் பிறந்த கதை

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் வந்துவிடும். வைக்கோல், மரத்தூள், தட்டில் முளைக்கவிட்ட கேழ்வரகுப் பயிர், நான் பிறப்பதற்கு முன்பே வாங்கிய களிமண் சுரூபங்கள். குடிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு ஒரு கோயில். அது அட்டையில் அச்சடித்து மடித்த கோயில். பனி மூடிய கூரை, ஊசி போன்ற கோபுரம். 2018 கிறிஸ்துமஸ் முடிந்து எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்து வைக்கும்போது அதன் கூரை கையோடு வந்துவிட்டது. அடுத்த வருஷத்துக்கு நானே ஒன்று செய்துவிடுகிறேன் என்றேன்.

“செய்றதுதான் செய்ற, நம்ம பக்கத்துக் கோயிலாப் பாத்துச் செய்யேன்” என்றார் அம்மா. அம்மா பிறந்த ஊர் பாம்பன்.

நம்ம பக்கம் என்றதும் எனக்கு வேறெந்தக் கோயிலும் நினைவுக்கு வரவில்லை. தனுஷ்கோடிதான் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு, எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவான். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், கிறிஸ்தவக் கோயில் என்று எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அது போயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, நிலையத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கடலுக்குள் போனது. மொத்தமாகச் சுமார் 1,800 பேர் இறந்ததாகக் கணக்கு. குடியிருக்க லாயக்கற்ற இடம் என்று அரசு அறிவித்தது. புயல் அடித்தபோது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது. குடிலுக்காக ஒரு கோயில் செய்ய உட்கார்ந்தவனுக்கு அந்தத் தேதி மனதை விட்டு அகலவில்லை.

முழுக் கோயிலாகச் செய்வதா, கூரை போய்ச் சுவர் மட்டும் இன்று நிற்பதைப்போலச் செய்வதா என்பதில் ஒரு வாரம் போனது. கூரை போட்டு, வெள்ளையடித்து, வாசலில் ஆட்களை நிறுத்தினால் குடிலுக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அது என் கற்பனைக் கோயிலாகிவிடும். நிற்கிற சுவரைத்தான் செய்வது, சுற்றி மணலும் வேண்டும் என்று முடிவானது. அதோடு அது பொம்மைக் கோயில் என்ற நிலையைத் தாண்டி டயோராமா ஆகிவிட்டது. அதாவது ஓர் இடத்தை அதன் தரை, வெளிச்சம் எல்லாவற்றோடும் சின்னதாக்கி ஒரு பலகையில் நிறுத்துவது. இந்தச் சொல்லைப் பரப்பியவர், பின்னாளில் புகைப்படக் கலையின் முன்னோடியான லூயி டாகேர். 1822இல் பாரிஸில் அவரும் ஓவியர் பூத்தோனும் ஒரு காட்சி அரங்கு திறந்தார்கள். பெரிய திரைச்சீலை ஓவியங்கள்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகலை இரவாக்கிக் காட்டினார்கள். முதல் காட்சியிலேயே கான்டர்பரி பேராலயத்தின் உட்புறம் இருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் டாகேர் காட்டியது, ஸ்காட்லாந்தின் ஹோலிரூட் சிற்றாலயம்: நிலவொளியில், கூரையில்லாமல். இதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் மச்சானோடு தனுஷ்கோடி போனேன். முன்பெல்லாம் மணலில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். 2017இல் நிலத்தின் கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. கையில் நான் கொண்டுபோனது ஒரு பிவிசி குழாய். பத்து பத்து சென்டிமீட்டருக்குச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியிருந்தேன். அதை ஒவ்வொரு சுவரின் அடியிலும் நேராகப் பிடித்துக்கொண்டு மச்சான் நிற்க, நான் எதிரே போய்ப் படம் எடுத்தேன். குழாய் படத்தில் இருந்தால் போதும். வாசல் எவ்வளவு உயரம், வளைவு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். சுவரைத் தொடவும் தேவையில்லை, ஏறவும் தேவையில்லை. இதைச் செய்யும்போது வெயில் ரொம்ப முக்கியம். உச்சி வெயிலில் சுவர் தட்டையாகத் தெரியும். காலை 7 மணிக்குச் சாய்வெயிலில்தான் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

அளவு ஐம்பதுக்கு ஒன்று. அதில் ஐந்தடி ஐந்தங்குல ஆள் 3.3 சென்டிமீட்டர். இதைவிடச் சிறிதாக்கினால் கல்லின் மேனி போய்விடும். பெரிதாக்கினால் கூடத்தில் வைக்க இடமிருக்காது.

முதலில் அட்டையில் சுவர் எழுப்பிப் பார்த்தேன். சரிவரவில்லை. முழுசாக நிற்கிற வீட்டுக்கு அட்டை போதும். இடிந்த சுவர் தன் கனத்தைக் காட்டிவிடும். வெளிப்பூச்சு, உள்ளே கல், கல்லுக்கு நடுவே சுண்ணாம்பு எல்லாம் வெட்டுவாயில் தெரியும். பேக்கிங்குக்கு வரும் தெர்மாகோல் கத்தி பட்டதும் உருண்டை உருண்டையாகப் பிரிந்தது. கடைசியில் மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கப் பதிக்கிறார்களே, அந்த எக்ஸ்பிஎஸ் பலகை கைகொடுத்தது. சன்னமான மேனி, கத்திக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கல்லாகக் கோடிழுத்தேன்.

முதல் சுவரைத் தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது செங்கல்லுல்ல?” என்றார். சொன்னது சரி. என் கை தன்னையறியாமல் வரிசை கட்டியிருந்தது. தனுஷ்கோடிச் சுவர் பவளக்கல். இலங்கைத் தமிழில் முருகைக்கல். கடலிலிருந்து எடுத்து ஈரமாக இருக்கும்போது அறுக்க வரும்; காய்ந்தால் இறுகிவிடும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இடுக்கில் துண்டுக்கல் என்று எப்படி அமைகிறதோ அப்படி அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்தக் கல்லெங்கும் பொடிப்பொடி ஓட்டை. அந்த ஓட்டை இல்லையென்றால் நான் எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அது தனுஷ்கோடி ஆகாது.

உண்மையான பவளத்தையே உடைத்து ஒட்டினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததன் விலையை அந்தக் கடல் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது தவிர, ஓட்டையைச் சின்னதாக்க முடியாது. நிஜப் பவளத்தில் இருக்கிற ஒரு மில்லிமீட்டர் ஓட்டை, ஐம்பதுக்கு ஒன்று அளவில் ஐந்து சென்டிமீட்டர் பள்ளமாகத் தெரியும்.

ஓட்டைக்கு வழி காட்டியது ஒரு தவறு. இரண்டாவது சுவருக்குச் சாம்பல் நிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். பத்து நொடிக்குள் வாசல் வளைவு குழைந்து உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த டப்பாவில் இருக்கிற கரைப்பான் இந்தப் பலகையைத் தின்றுவிடும் என்பது பாலபாடம், எனக்குத் தெரியாது. இரண்டு வாரச் சுவர். எடுத்துப் போட மனமில்லாமல் மாடத்திலேயே விட்டுவிட்டேன். சில நாள் கழித்து அதன் ஓரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். பெயின்ட் நேராக விழுந்த இடம் கூழாகியிருந்தது. தூறல் மட்டும் பட்ட ஓரத்தில் ஊசி குத்தினாற்போல நுணுக்கமான குழிகள். சில தனியாக, சில கூட்டமாக. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தில் இருந்த அதே கல்.

மூன்றாவது சுவரில் அதை வேண்டுமென்றே செய்தேன். கல்லையெல்லாம் கீறி முடித்தபின், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தின்னரில் லேசாகத் தோய்த்து, பாதி உதறிவிட்டு, கட்டைவிரலால் மயிரிழைகளை வருடினால் தூறல் விழும். ஓரடி தள்ளி நின்று வருட வேண்டும், நெருங்கினால் பள்ளமாகிவிடும். மொட்டை மாடியில், காற்று முதுகுப்புறம் அடிக்க, முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுக்குள் ஒருபோதும் செய்யாதீர்கள். பிறகு ஃபெவிகாலில் கறுப்புச் சாயம் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்துவிட்டால் கரைப்பான் எளிதில் உள்ளே போகாது. அதற்குமேல் சாம்பல், காவி, கடைசியில் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெள்ளை. அந்த வெள்ளை மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். குழிக்குள் கறுப்பு அப்படியே நிற்கும். உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு, சுவருக்கு அடிக்கிற பட்டியைத் தண்ணீராகக் கரைத்துத் தடவி, பாதி காய்ந்ததும் பல்குச்சியால் பெயர்த்தேன். பீடம் இருந்த பக்கத்துச் சுவர் ஒன்றுக்கு மட்டும் இரண்டரை மாதம் ஆனது.

மணல் இன்னொரு பாடம். கடற்கரை மணலையே போடலாம்தான். ஆனால் அரை மில்லிமீட்டர் மணல்துகள் ஐம்பதுக்கு ஒன்றில் இரண்டரை சென்டிமீட்டர் கூழாங்கல். கோயிலைச் சுற்றி ஜல்லி கொட்டினாற்போல இருந்தது. அதனால் கோலமாவு வாங்கி வந்தேன். வாசலில் போடும் கல்மாவு. வேட்டித்துணியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்துச் சொட்டு மருந்துக் குழாயால் விட்டால், மாவு கலையாமல் ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

ஓரத்தில் ஒரு துண்டு தண்டவாளமும் வைத்தேன். மீட்டர் கேஜ் பாதை; இந்த அளவில் சரியாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. வளைந்து, மணலில் பாதி புதைந்து, பார்ப்பவர் கண்ணை உடனே இழுத்தது. ஒரு வாரம் கழித்துப் பிடுங்கிவிட்டேன். கோயில் வாசலில் தண்டவாளம் கிடப்பதாக என்னிடம் எந்தப் படமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்த ரயிலை அலங்காரத்துக்கு வைப்பது தப்பு.

2019 டிசம்பர் முதல் வாரம் குடிலுக்குப் பக்கத்தில் பலகையைக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விரலால் மணலைத் தொட்டார்.

“மணல் இவ்வளவு வெள்ளையா இருக்காதுடா. கொஞ்சம் பழுப்பு தெரியும்.”

அன்று ராத்திரியே செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் சலித்து, சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து மேலே தூவினேன். காலையில் பார்த்துவிட்டு, “இப்ப சரி” என்றார். அதற்குப் பிறகுதான் நான் அதை முடிந்த வேலையாக எண்ணினேன்.

படங்களில் இருந்த எல்லாவற்றையும் நான் அந்தச் சுவரில் செதுக்கினேன். காற்று தின்றதை, உப்பு அரித்ததை, கூரை போனதை. ஒன்றை மட்டும் விட்டேன். பூச்சு மீதமிருக்கிற இடங்களில் ஆணியால் கீறிய பெயர்கள், நடுவில் அம்பு விட்ட இதயங்கள், ஏதோ ஒரு வருஷத்துத் தேதிகள். அவை கடல் செய்த வேலை அல்ல.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவரில் படத்துக்காக ஏறி நிற்காதீர்கள். பெயரைக் கீறாதீர்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் கல்லில் ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.