காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் நீரை அளந்த கதை

நெல் நீர்த்தாவரம் அன்று. நீர் தேங்கினாலும் தாக்குப்பிடிக்கும் பயிர், அவ்வளவுதான். வயலில் நீர் கட்டுவதன் பெரும்பயன் களையை அடக்குவதே. வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சுவதைக் குறிக்கும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்ற சொல் தமிழ் உழவரிடம் ஏற்கெனவே புழங்குவது. ஆகவே கடந்த நாற்பதாண்டு ஆய்வு காயவிடுவதைக் கண்டுபிடித்தது என்பது மிகை. எதுவரை காயலாம் என்பதற்கு அது ஓர் அளவு தந்தது. அதன் உண்மையான பங்களிப்பு அதுவே.

இந்த அளவு நேர்வழியில் வந்துவிடவில்லை. மடகாஸ்கரில் பணியாற்றிய ஆன்றி த லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983-இல் இளநாற்று, ஒற்றை நடவு, அகன்ற இடைவெளி, விட்டுவிட்டுப் பாசனம் ஆகியவற்றை ஒரே கட்டாக்கினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் அதை உலகெங்கும் பரப்பினார். தமிழ்நாட்டில் அது ‘திருந்திய நெல் சாகுபடி’ ஆயிற்று. 2003-04-இல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர் வயல்களில் ஒப்பிட்டபோது ஹெக்டேருக்குச் சராசரியாகச் சுமார் 1.5 டன் கூடுதலாக விளைந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த 15 டன் கணக்குகளைப் பயிர் உடலியலாளர்கள் நம்பவில்லை. 2004-இல் வெளியான சீன வயல் ஆய்வு, விளைச்சலில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்றது. ஐயம் நியாயமானதே. ஆனால் சண்டை முழுவதும் மூட்டைக் கணக்கில் நின்றதால், அந்தக் கட்டில் நீரின் பங்கு மட்டும் எவ்வளவு என்ற கேள்வி ஓரமாய்ப் போய்விட்டது.

அதைத் தனியே பிரித்துக் காட்டியது ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த இக்குழாய் சுமார் 30 செ.மீ. நீளமுள்ளது. அதில் பாதியளவை மண்ணில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் நிலத்தடி நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும். மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சலாம், பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது. மயிரிழை வெடிப்பைப் பார்த்துப் பாய்ச்சச் சொன்ன முந்தைய அறிவுரையைவிட இது உறுதியானது. களிமண் வெடிக்கும், மணற்பாங்கான மண் வெடிக்காதே! 2017-இல் 56 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு, காயவிட்டுப் பாய்ச்சும் முறையால் நீர்ப்பயன்பாடு சுமார் 26 விழுக்காடு குறைவதைக் காட்டியது. 15 செ.மீ. எல்லைக்குள் நின்றால் விளைச்சலில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. அளவு மீறிக் காயவிட்டால் இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

மிச்சமாவது பெரும்பாலும் கசிவுநீர்தான், அது நிலத்தடிக்குப் போய்ப் பக்கத்துக் கிணற்றில் ஊறத்தானே செய்யும் என்று நீரியலாளர்கள் கேட்கிறார்கள். வலுவான மறுப்பு. காவிரி டெல்டாவில், நன்னீர் ஊற்றுள்ள தலைமடையில் அது பெரும்பாலும் சரி. ஆனால் அங்கும் அந்த நீரை மேலேற்ற மோட்டார் ஓட வேண்டும். நாகப்பட்டினக் கரையோரக் கடைமடையில், கசிந்த நீர் உப்புநீரோடு கலந்து வீணாகும். அங்கே வயலில் மிச்சப்பட்டது உண்மையிலேயே மிச்சம். எனவே ஒரே விழுக்காட்டை டெல்டா முழுவதற்கும் சொல்வது பிழை. உழவர் காட்டும் தயக்கமோ வேறு. முறைப்பாசனத்தில் அடுத்த முறை என்று வரும் எனத் தெரியாதவர், வந்த நீரை வரப்பு முட்டக் கட்டிவைப்பது அறியாமை ஆகாது. மேல்மடைக்காரர் வயல் வழியே நீர் பெறுபவருக்குக் குழாய் காட்டும் மட்டத்தில் மடையைத் திறக்கவும் வழியில்லை. குழாய்ச் சோதனைகள் பெரிதும் நடந்ததோ, பாய்ச்சும் நாளைத் தாமே தீர்மானிக்க முடிந்த வயல்களில்.