டின்னும் தராசும்

தீபாவளிக் கேக்குக்கு ‘மூனு டின் மாவு, ரெண்டு டின் சீனி’ என்றால் கோலசிலாங்கூர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் எந்த டின் என்று கேட்க மாட்டார்கள். காலியான டின்பால் டப்பாதான் அது. லயத்து வீடுகளில் தராசு ஏது? தராசு கடைக்காரரிடம் இருந்தது, தோட்டத்து ஸ்டோரில் இருந்தது. வீட்டில் இருந்தது டின்.

அளப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஊரிலிருந்து படியும் மரக்காலுமாக வந்தவர்கள் இங்கே கந்தாங்குக்கும் சுப்பாக்குக்கும் எளிதாகப் பழகிக்கொண்டார்கள். நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். அது பிரிட்டிஷ் கேலன் ஒன்றுக்குச் சமம், அதாவது 4.546 லிட்டர். மீனும் காய்கறியும் மட்டும் காத்தியில். 16 தாயில் ஒரு காத்தி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 605 கிராம். ஒரு கந்தாங் அரிசி கிட்டத்தட்ட ஆறு காத்தி நிற்கும். ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லில்தான் சச்சரவெல்லாம். தலைதட்டி அளந்தால் ஒரு எடை, கும்பமாக அளந்தால் வேறு எடை. அளக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்து அது மாறும்.

இந்தக் கணக்கு அடுப்படியைவிடக் கடுமையாக நடந்த இடம் பால் கொட்டகை. வெட்டுக்காரர் வாளியில் கொண்டுவருவது கொள்ளளவு. கூலிக்குக் கணக்காவதோ காய்ந்த ரப்பரின் எடை. பாலில் ரப்பர் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எவ்வளவு ரப்பர் என்று பார்க்க மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியை விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசு என்பதால் கெட்டியான பாலில் கருவி ஆழமாக இறங்கும், நீர்த்த பாலில் மேலே நிற்கும். அதில் கேலனுக்கு இத்தனை பவுண்டு என்று குறித்திருக்கும்.

ஐந்து கேலன் பால் என்று வைத்துக்கொள்வோம். கருவி மூன்று காட்டினால் 15 பவுண்டு. இரண்டரை என்று எழுதினால் 12½ பவுண்டு. கண்ணை ஒரு கோடு தள்ளி வைத்தால் இரண்டரை பவுண்டு கரைந்துவிடும். நுரை இருந்தால் ஒரு அளவு, மழைத்தண்ணீர் கலந்தால் வேறொரு அளவு. குறிப்பைப் படிப்பவர் கிராணி, வாளி சுமந்தவர் எதிரே நிற்பவர். தண்ணீர் கலப்பதாகத் தொழிலாளி மேல் எழுந்த சந்தேகத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அளவு படிக்கும் கண்ணைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

பிறகு செம்பனை வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே, பெயரில் தென்னையை வைத்திருக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917லேயே ஆன்றி ஃபோக்கோனியே அதை வணிகப் பயிராக நட்டுவிட்டார். கித்தா போன இடங்களில் மெட்ரோலேக்கும் போனது. குலையை எண்ணினார்கள், லாரியோடு நிறுத்தார்கள்.

1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு, சுமார் பத்தாண்டுகளில் கடைகளெல்லாம் கிலோவுக்கு மாறின. சமையல் குறிப்புகள் மாறவில்லை, அம்மாக்களின் வாயில் டின்னாகவே இருந்தன. இப்போது பிள்ளைகள் அவற்றைக் கிராமில் எழுதி வைக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் வம்பு. பழைய 14 அவுன்ஸ் டின் (397 கிராம்) ஏறத்தாழ 300 மில்லி கொள்ளும். இன்று கடையில் கிடைக்கும் 500 கிராம் டின்னோ 380 மில்லியைத் தாண்டும். புது டின்னை வைத்து ‘மூனு டின்’ அளந்தால் மாவு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். மாவும் சீனியும் ஒரே டின்னில் ஒரே எடையும் இல்லை. பழைய டின்னில் சீனி 250 கிராமுக்குக் குறையாது. மாவைக் கரண்டியால் பொலபொலவென்று போட்டால் 160 கிராம், தட்டி அமுக்கினால் 190ஐத் தாண்டும். இணையத்தில் கிடைக்கும் ‘கப்’ அட்டவணை இதற்கு உதவாது. அது அமெரிக்கக் கப், நம் டின் அல்ல.

வீட்டில் பழைய டின் கிடந்தால் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள், எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அப்புறம் மாவு டப்பாவையும் டின்னையும் அம்மாவிடம் கொடுத்து, எப்போதும்போல் அளக்கச் சொல்லுங்கள். தட்டுகிறாரா, தலைவழிக்கிறாரா, கும்பமாக விடுகிறாரா என்று பார்த்துவிட்டு நிறுங்கள். மூன்று டின்னையும் தனித்தனியாக.