தூது பயின்ற மண்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதழியல் தனிப்பாடமாக வேரூன்றியது 1941இல், இலாகூரில். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வழி வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் சேர, அது மக்கள் தகவல் தொடர்பியலாய் விரிந்தது.

ஆயினும் அதன் முதல் வினா நம் மண்ணில் பழையது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் குயிலை வேண்டினாள். மேகங்களைத் தூது விட்டாள். எவரிடம், எதனை, எச்சொல்லால் உரைப்பது என்பதே அவள் கவலை. உரைத்தது சேரப் பலர் கூடும் இடமும் வேண்டும். அண்டை இராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதல்வராயிருந்த குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார்.

கருவியை மட்டும் பயின்றவர் செய்தியை அனுப்புவார். கேட்பவர் நெஞ்சை அறியார். ஊடக வகுப்பில் தமிழ் ஒரு தேர்வுத்தாளாகச் சுருங்குமாயின், தூது புறப்படும், சேராது.