அதிருமலைக்கு மேலே

ஏலகிரி சுவாமிமலைக்கு அலுவலக நண்பர்களை முதன்முறை நான் கூட்டிப்போனபோது, பாதி ஏற்றத்தில் ஒரு தோழி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"குடிக்கவே இல்லையாங்க?"

"குடிச்சா அப்புறம் எங்கங்க போறது?"

பொன்னேரியில் பஸ் ஏறியதிலிருந்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் தாண்டி, அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. முதலுதவிப் பெட்டி, வழித்தடம், குளுக்கோஸ் எல்லாம் யோசித்த எனக்கு இது தோன்றவேயில்லை. ஆணுக்கு ஒவ்வொரு மரமும் ஏற்பாடுதானே. தப்பு என்னுடையது.

பெண்களை மலைக்கு 'வரலாம்' என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடுகிறதா என்று அன்றைக்கு யோசித்தபோது அகத்தியர்கூடம் நினைவுக்கு வந்தது. 1868 மீட்டர் உயரம். கேரள வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் மலையேற்றத்தில் பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. பாதை கடினம் என்பது ஒரு காரணம். அகத்தியர் பிரம்மச்சாரி, அவர் சிலையருகே பெண்கள் போகக் கூடாது என்ற காணி மக்களின் நம்பிக்கை இன்னொன்று. லோபாமுத்திரையை அறிந்த நமக்கு இது விநோதமாகப் படலாம். ஆனால் காட்டோடு வாழ்கிறவர்களின் அகத்தியரை ரிக்வேதத்தைக் காட்டி மறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் காரணம்தான் எனக்கு உறுத்தல். கடினம் என்றால் எல்லோருக்கும் கடினம்.

நடுவில் ஒரு சமரசமும் வந்தது: அதிருமலை முகாம் வரை பெண்கள் வரலாம், உச்சிக்கு வேண்டாம். இதைப் படித்ததும் ஆர்லீன் ப்ளூம் ஞாபகம் வந்தார். வேதியியலாளர். அலாஸ்காவின் டெனாலி சிகரத்துக்கு வரக் கேட்டபோது, அடிவார முகாமில் சமையலுக்கு உதவலாம் என்றார்கள். 1970இல் ஆறு பெண்கள் மட்டுமே கொண்ட குழு அந்த உச்சியைத் தொட்டது. அவரும் அதில் ஒருவர்.

இங்கே நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பாலினத்தைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரி 14 அன்று கிளம்பிய முதல் குழுவில் ஒரே பெண், பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பாளர் தன்யா சனல். காணி மக்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், வழிமறிக்கவில்லை.

பெண்களுக்கெனத் தனி வசதி எதுவும் செய்யப்படாது என்று வனத்துறை முன்கூட்டியே சொல்லிவிட்டது. கேட்கச் சமத்துவம் மாதிரிதான் இருக்கிறது. எங்கள் தொழிலில் 'டீஃபால்ட்' என்போம்: யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக அமைவது. அந்தப் பாதையின் டீஃபால்ட் ஆண். சுவாமிமலையில் என்னுடையதும் அதுவேதான்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே, எங்கெங்கே நிற்போம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவர்கள் அடுத்த திருப்பம் தாண்டிக் காத்திருப்பார்கள். மெதுவாக நடப்பவர்தான் முன்னால். ஒரு தார்ப்பாய், கயிறு, சின்ன மண்வெட்டி, நாப்கின், குப்பைப் பை எல்லாம் பொதுப்பையில் இருக்கும். யாரும் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

அந்தத் தார்ப்பாய் மறைவை முதலில் பயன்படுத்தியது, முந்தின நாள் ஆம்பூர் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்த ஆண் நண்பர் ஒருவர்.