பாரிஸுக்குப் போன இமாம்

எமது கிராமத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், புறப்படுவதற்கு முதல் நாள் என்னிடம் வந்து சலாம் சொல்லிப் போவதுண்டு. நானும் வழக்கமான புத்திமதிகளைச் சொல்லி அனுப்புவேன். தொழுகையை விடாதே, உடம்பைக் கவனித்துக்கொள், உம்மாவுடன் கிழமைக்கு ஒரு தடவையாவது கதை. சில வருடங்களுக்கு முன்னர், எகிப்தில் நான்கு வருடங்கள் படித்துத் திரும்பிய பழைய மாணவன் ஒருவனைப் பத்தாம் தரப் பிள்ளைகளின் முன்னால் நிறுத்தி, அங்கு கண்டவற்றைச் சொல்லுமாறு கேட்டேன். "நல்ல நாடு சேர். சரியான வெயில். மழை மிச்சம் குறைவு" என்றான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் வரவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிரவு யோசித்தபோது, பிழை அவனிடமில்லை, என்னிடம்தான் என்று பட்டது. அது ஏன் என்பதை விளக்க, 1826 ஆம் ஆண்டில் அதே எகிப்திலிருந்து கடல் கடந்து போன ஒருவரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

ரிபாஆ அத்தஹ்தாவி 1801 இல், மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் பிறந்தார். கௌரவமான குடும்பம். எனினும் ஆட்சியாளர் முஹம்மத் அலி பாஷாவின் நிலவரிச் சீர்திருத்தங்களினால் வருமானத்தை இழந்து நொடிந்து போயிருந்தது. 1817 இல் அவர் கெய்ரோவுக்கு வந்து அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஷெய்க் ஹஸன் அல்-அத்தார். 1798 இல் நெப்போலியனின் படை எகிப்துக்குள் நுழைந்தபோது அதனுடன் வந்த அறிஞர்களோடு பழகி, அவர்களுடைய நூல்களையும் கருவிகளையும் நேரில் பார்த்தவர் அவர். பின்னர் துருக்கியிலும் சிரியாவிலும் அலைந்து திரிந்தவர். மார்க்கக் கல்வியோடு வரலாறும் புவியியலும் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் கொண்டவர்.

1826 இல் முஹம்மத் அலி பாஷா நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பத் தீர்மானித்தார். அவருக்கு வேண்டியிருந்தவர்கள் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் படை அதிகாரிகளும் நிர்வாகிகளுமே. அந்த மாணவர்களுக்குத் தொழுகை நடத்தவும் மார்க்க உபதேசம் செய்யவும் ஓர் இமாம் தேவைப்பட்டார். அல்-அத்தாரின் சிபார்சில் தஹ்தாவிக்கு அந்த இடம் கிடைத்தது. ஆகவே அவர் முதலில் மாணவராகப் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புறப்படும்போது ஆசிரியர் அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார். போகும் வழியிலும் போய்ச் சேரும் நாட்டிலும் காண்பவற்றையெல்லாம் எழுதி வை, பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்பதே அது.

ஏப்ரல் மாதம் அலெக்சாந்திரியாவிலிருந்து பிரெஞ்சுப் போர்க்கப்பலொன்றில் பயணம் ஆரம்பமாயிற்று. சிசிலித் தீவின் மெஸ்ஸீனாத் துறைமுகத்தில் கப்பல் தரித்தபோதும் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கிழக்கிலிருந்து வருவோர் நோய்த் தடுப்புக் காவலில் இருக்க வேண்டுமென்பது அக்காலத்து விதி. கப்பலில் இருந்தவாறே அவர் தேவாலய மணியோசையைக் கேட்டார். மே மாதம் மார்செய் துறைமுகத்தை அடைந்ததும் அந்தக் காவலில் சில நாட்கள் கழிந்தன. அங்குதான் அவருக்கு முதல் வியப்பு. தரையில் அமராமல் கதிரையில் அமர்வதையும், ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தட்டும் கிளாசும் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைப்பதையும், உயரமான கட்டிலில் உறங்குவதையும் அவர் விபரமாக எழுதுகிறார். ஒரே சஹனைச் சுற்றியமர்ந்து உண்டு பழகிய எமக்கு அந்த வியப்பு நன்றாகவே விளங்கும். நகரத்துக் கோப்பிக் கடையொன்றில் பெருங்கூட்டம் இருப்பதாக எண்ணி நுழைந்து, சுவர்க் கண்ணாடிகளில் தம் ஆட்களையே கண்டதையும் அவர் மறைக்கவில்லை.

மார்செயிலேயே பிரெஞ்சு எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார். பாரிஸில் மாணவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோமார் என்ற புவியியல் அறிஞர். நெப்போலியனுடன் எகிப்துக்கு வந்தவர்களில் ஒருவர். முதலில் எல்லோரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். தம்முள் தமது மொழியிலேயே பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் பிரெஞ்சு ஏறவில்லை. பிறகு ஓரிருவராகப் பிரித்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே அறையில் தங்கிப் படிக்கும் இக்காலத்துக்கும் அது பொருந்தும் பாடம்.

இமாமாக வந்தவர் படிக்கவும் தொடங்கினார். மொழிபெயர்ப்பே அவருடைய துறையாயிற்று. கொடுப்பனவு போதாமல் கைக்காசில் புத்தகம் வாங்கினார். தனியாக ஆசிரியரையும் அமர்த்தினார். இரவிரவாகப் படித்ததில் இடது கண் பலவீனமுற்றது. இரவில் வாசிக்க வேண்டாமென வைத்தியர் தடுத்தார். படிப்புப் பின்தங்கிவிடும் என்ற அச்சத்தில் அவர் அதைக் கேட்கவில்லை. மொன்டெஸ்கியூ, வோல்டேர், ரூசோ ஆகியோரை இக்காலத்திலேயே வாசித்தார். 1830 ஒக்டோபரில் இறுதிப் பரீட்சைக்கு அமர்ந்தபோது பன்னிரண்டு மொழிபெயர்ப்புகள் அவர் கையிலிருந்தன.

அவருடைய படிப்பு விடுதிக்குள் முடங்கிவிடவில்லை. 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் மூன்று நாட்கள் கிளர்ந்தெழுந்து பத்தாம் சார்ள்ஸ் மன்னனை வீழ்த்தியபோது அவர் அந்நகரிலேயே இருந்தார். 1814 ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். அவர்கள் சுதந்திரம் என்று சொல்வது எம்மிடையே நீதி, நியாயம் என்று வழங்குவதற்கு ஒப்பானது என்பது அவர் கண்ட முடிவு. அதேவேளை எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டவுமில்லை. பிரெஞ்சுக்காரர்களின் சுத்தத்தையும் உழைப்பையும் வாசிப்பு ஆர்வத்தையும் புகழ்ந்த அதே பேனா, அவர்களுடைய கஞ்சத்தனத்தையும் மார்க்கப் பற்றின்மையையும் குறை கூறியது.

குறையொன்றும் உண்டு. அதே 1830 ஜூலையில்தான் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. தஹ்தாவி அதனை அரசியலும் வர்த்தகமும் சார்ந்த பிணக்காகவே பார்த்தார். அது ஒரு முஸ்லிம் தேசத்தின் நூற்றாண்டு கடந்த துயரத்தின் தொடக்கம் என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. விருந்தோம்பிய நாட்டின் மறு முகத்தைக் காண்பது விருந்தாளிக்கு எளிதல்ல என்றே நான் எண்ணுகிறேன்.

1831 இல் நாடு திரும்பினார். ஆசிரியரின் சொற்படி எழுதிய நூல், 'தக்லீஸுல் இப்ரீஸ் பீ தல்கீஸி பாரீஸ்', 1834 இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வெளியாயிற்று. அவருடன் போனவர்களும் சான்றிதழ்களோடு திரும்பிப் பல பதவிகளை வகித்தார்கள். எனினும் அந்தப் பயணம் இன்று பேசப்படுவது அந்த ஒரு நூலினால்தான். பின்னர் அவர் மொழிகள் கல்லூரியை நடத்தினார். முதலாம் அப்பாஸின் ஆட்சியில் கார்ட்டூமுக்கு அனுப்பப்பட்டுச் சில வருடங்கள் அங்கு வாடியபோதும் மொழிபெயர்ப்பை விடவில்லை. பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டுமென வற்புறுத்தும் நூலை 1872 இல் வெளியிட்டு, மறு வருடம் காலமானார். அதற்குப் பத்து வருடங்களின் பின்னர், 1883 இல், அவருடைய தேசத்தைச் சேர்ந்த ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு எமது கொழும்பில் வந்திறங்கியதையும், சித்திலெப்பை போன்றோருடன் சேர்ந்து முஸ்லிம்களின் நவீன கல்விக்குத் தூண்டுகோலாக இருந்ததையும் வாசகர்கள் அறிவார்கள்.

அல்-அத்தார் தம் மாணவரிடம் கேட்டுக்கொண்டதை நான் என் மாணவனிடம் கேட்கவில்லை. என் பிழை அதுதான். கண்டதை எழுத வேண்டுமென்று ஒருவர் சொல்லாதவரை, பார்த்துக்கொண்டிருப்பதை நாம் காண்பதில்லை.

அண்மையில் எமது பாடசாலை மாணவியொருத்தி புலமைப்பரிசில் பெற்று மலேசியாவுக்குப் புறப்பட்டாள். வாப்பாவுடன் சலாம் சொல்ல வந்தவளிடம், வழக்கமான புத்திமதிகளோடு சீ.ஆர். கொப்பி ஒன்றையும் கொடுத்தேன். மூன்று மாதங்களில் ஆறு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். பஸ்ஸில் கொண்டக்டர் இல்லையாம். ஏறும்போது அட்டையொன்றைக் கருவியில் தொட்டால் காசு கழிந்துவிடுமாம். தொட்டும் சத்தம் வராததால் இறங்கி நடந்த நாளையும் எழுதியிருக்கிறாள். கீழே ஒரு கேள்வி: "சேர், அந்தக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?"

பாரிஸில் நாடக அரங்கைக் கண்ட தஹ்தாவி, அதற்கு அரபியில் பெயர் தெரியவில்லை என்று எழுதி, பிரெஞ்சுச் சொல்லையே அரபி எழுத்தில் பதிந்து வைத்தார். நீயும் இப்போதைக்கு அவர்கள் சொல்லும் பெயரையே எழுது மகள் என்று பதில் அனுப்பினேன்.