வாக்கு வந்தது, வீதி வரவில்லை

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லைக்குச் செல்பவர்கள், பொது வீதி முடிந்து தோட்டத்து வீதி தொடங்கும் இடத்தைக் கேட்டறிய வேண்டியதில்லை. வாகனத்தின் குலுக்கலே அதைச் சொல்லிவிடும். முன்னது அரசுக்குரியது, பின்னது தோட்ட நிர்வாகத்துக்குரியது. இந்த எல்லை மண்ணில் மட்டும் இடப்பட்டதன்று. உள்ளூராட்சிச் சட்டங்களிலும் வாக்காளர் இடாப்புகளிலும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இடப்பட்டிருந்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது நிபந்தனையோடுதான் கிடைத்தது. இந்நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் அவ்வாண்டே அரசாங்க சபைக்கு ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும், தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சென்றனர். பெரி சுந்தரம் அமைச்சருமானார்.

நாட்டின் சபைக்கு வாக்களித்த அதே மனிதருக்குக் கிராமத்தின் சபைக்கு வாக்களிக்க முடியவில்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளரை விலக்கவே முதலில் எண்ணப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் இனப்பெயர் நீக்கப்பட்டு, தோட்டத் தொழிலாளர் அனைவருமே விலக்கப்பட்டனர். சொல் மாறியது, விலக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அதே மக்கள்தாம். தோட்டம் வேறு, கிராமம் வேறு என்ற பிரிவினைக்கு வாக்குரிமைச் சட்டத்திலும் இவ்வாறு இடம் கிடைத்தது.

அடுத்த அடி இன்னும் பெரியது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. சௌ. தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை, கே. இராஜலிங்கம் போன்றோர் பாராளுமன்றம் புகுந்தனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரேனும் தெரிவாகவில்லை.

பறிக்கப்பட்டது ஓராண்டில், திரும்பியதோ தவணை முறையில். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1988இல் ஒரு சட்டமும், மிஞ்சியோருக்காக 2003இல் மற்றொரு சட்டமும் தேவைப்பட்டன.

இவ்விடத்தில்தான் வரலாற்றின் வினோதம் நேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி அமைந்த சபைகளுக்கு 1991இல் முதல் தேர்தல் நடந்தது. குடியுரிமை பெற்ற தோட்டத்து மக்களும் வாக்களித்தனர். அவர்களுள் சிலர் உறுப்பினராகவும் அமர்ந்தனர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தனக்கு வாக்களித்தவரின் லயத்துக்கு ஒரு கிணறு வெட்டிக்கொடுக்கவும் உறுப்பினருக்கு வழியில்லை. வேட்பாளர் வீதியைப் பற்றிப் பேசிப் பயனில்லாத நிலையில் தொழிற்சங்கமும் கட்சிச் சின்னமுமே தேர்தலைத் தீர்மானித்ததில் வியப்பென்ன? தோட்டத்து மக்கள் சொன்ன சின்னத்துக்கு வாக்களிப்பவர்கள் என்று ஏளனம் செய்வோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வாக்கு இருந்தும் பயனற்றுப்போவது நமக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொபைல் நகரை 1911 முதல் மூன்று ஆணையாளர்கள் ஆண்டனர். முழு நகரமும் ஒரே தொகுதியாக வாக்களித்து அவர்களைத் தெரிவுசெய்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினராயிருந்தும் கறுப்பினத்தவர் ஒருவர்கூட அப்பதவிக்கு வர முடியவில்லை. வழக்கு 1980இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அங்கு அவர்கள் வெல்லவில்லை. 1982இல் அமெரிக்கக் காங்கிரஸ் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 1985இல் அந்நகரம் ஏழு வட்டாரங்களாகப் பிரிந்தபோது கறுப்பின உறுப்பினர் மூவர் தெரிவாயினர். மனிதர் மாறவில்லை, கோடுகள் மாறின.

கண்டி மாவட்டத் தமிழருக்கும் கோடுகளே சிக்கல். நுவரெலியாவைப் போலன்றி இங்கு தோட்டங்கள் பல பிரதேச சபைகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்குகள் ஒருவர்மீது குவிந்தால் வழி பிறக்கும். 2015இலும் 2020இலும் வேலு குமார் தெரிவானது அவ்வாறே. வட்டார முறையில் நடக்கும் உள்ளூராட்சித் தேர்தலிலோ எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டது அங்குள்ள மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. கண்டியில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை.

2018இல் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டங்களில் வீதியும் கிணறும் பொது வசதிகளும் அமைக்கச் சபைகளுக்கு வழி திறந்தது. 1937இலிருந்து கணக்கிட்டால் 81 ஆண்டுகள். அதன்பின் 2023இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே மாதத்தில்தான் நடந்தது.

சட்டம் தடையாக இருந்தவரை சபைக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. இன்று அது இல்லை. பன்வில பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தில் மடுல்கெல்லைத் தோட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று தோட்டத்து வாக்காளர் கேட்கலாம். முன்னோர் மூன்று தலைமுறையாக இழந்திருந்தது இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைத்தான். அதைக் கேளாமல் விட்டால், வாகனம் முன்போலவே அதே இடத்தில் குலுங்கும்.